நாலு விரல் றப்பர்

என் காரில் முன் சீட்டு ஒழுகும். அந்தச் சீட்டில் பள்ளிக்கூடத்து உப அதிபர் இருப்பார். ஒழுகல் மட்டும் என்றால் ஒரு சட்டி வைத்துச் சமாளித்திருப்பேன். உப அதிபருக்குச் சட்டி வைக்க ஏலாது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு கடல். இருபத்தைந்து வருடம் வலை இழுத்தேன். ஒருநாள் வலது தோள் போதும் என்றது. தோள் இல்லாதவனைப் படகில் ஏற்றமாட்டார்கள். அப்போது வாங்கியதுதான் இந்தக் கார். இலக்கத் தகட்டில் இன்னும் ஸ்ரீ இருக்கிற பழைய ஜப்பான் கார். என் கைக்கு வரும்முன் அதற்கு எத்தனை சொந்தக்காரர் என்று புத்தகத்தில் இருக்கிறது. வாசிக்க நேரம் எடுக்கும்.

வேலை இதுதான். காலையில் ஓர்ஸ் ஹில் பக்கம் மூன்று ஆசிரியர்களை ஏற்றுவேன். தம்பலகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்குவேன். பள்ளிக்கூடம் விட்டதும் திரும்ப ஏற்றி வருவேன். சிறுவயதில் ஒளித்து ஓடிய இடத்துக்கு இப்போது ஒருநாள் தவறாமல் போகிறேன்.

மூவரில் பெரியவர் உப அதிபர். எல்லாரும் அவரை மெடம் என்பார்கள். நானும் அப்படித்தான். மற்றவர் கணக்கு சேர். என்னைவிட இளையவர், பட்டதாரி. மூன்றாவது சங்கீத ரீச்சர். காரில் பேசுவது அவர்கள். ஓட்டுவது நான்.

முன் சீட்டு மெடத்துக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அது சட்டம். பின் சீட்டில் சேரும் ரீச்சரும். மெடம் லீவு போட்ட நாட்களிலும் அவர்கள் பின்னால்தான் இருப்பார்கள். நடுவில் பைகளை அடுக்கி, முழங்கால் முட்டி, பின்னால்.

"முன்னுக்கு ஒராள் வாங்கோவன்," என்று ஒருநாள் சொன்னேன்.

"ஐயோ அண்ணை, கேற்றடியில ஆரும் கண்டா கதை வேற மாதிரிப் போகும்," என்றார் சேர்.

"மெடத்தின்ர இடத்துக்கு ஆள் வந்திட்டுது எண்டு பின்னேரத்துக்குள்ள கல்விக் கந்தோர்வரை போயிடும்," என்றார் ரீச்சர்.

முன் சீட்டு வெறுமையாக வந்தது. மழையும் வந்தது. வெறும் சீட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மூவரும் பார்த்துக்கொண்டு போனோம்.

ஒழுகுவது முன் கண்ணாடியின் இடது மேல் மூலையில். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு இடுக்கு இருக்கிறது. அதை மூடிச் சுற்றிவர ஒரு றப்பர் பட்டி ஓடும். பீடிங் என்பார்கள். வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து அதைக் கருவாடாக்கி வைத்திருந்தன. விரலால் தொட்டால் உதிரும். மழை பெய்தால் தண்ணீர் அந்த மூலையால் இறங்கி, நேரே மெடத்தின் உச்சந்தலைக்கு வரும். காரில் வேறு எங்கும் விழாது. தண்ணீருக்கும் பதவி தெரியும்.

போன மாரிக்கு மெடம் ஒரு சொப்பிங் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். நேராக இருந்து, முன்னால் பார்த்தபடி. பையில் புடவைக்கடை விளம்பரம். வழியில் வணக்கம் சொன்னவர்களுக்குப் பையோடு தலையாட்டினார்.

அப்போது ஒருநாள் கணக்கு சேருக்கு இரக்கம் வந்தது. "மெடம், நீங்க பின்னுக்கு வாங்கோவன். நான் முன்னுக்கு இருந்து நனையிறன்."

மெடம் திரும்பவில்லை. "ஏன் சேர், அவ்வளவு அவசரமோ?" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுக்க சேர் யன்னலால் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. காய்ந்த றப்பர் ஓரத்தில் காற்றுப் பிடித்தால் விசில் அடிக்கும். வேகம் கூடக் கூடச் சத்தம் ஏறும். சங்கீத ரீச்சருக்கு அது பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப மத்திமம்... இப்ப பஞ்சமம்... கொஞ்சம் விரைவா ஓடுங்கோ அண்ணை, தைவதம் வருதோ பாப்பம்," என்பார். நான் கண்டி வீதியில் சங்கீதத்துக்காக வேகம் கூட்டமாட்டேன். யானை குறுக்கே வரும்.

இந்த வருடம் ஐப்பசி தொடங்கும்போது அதே வழியில் ஒரு புது வான் ஓடத் தொடங்கியது. குளிர்க்காற்று இருக்கிறது. யன்னலுக்குத் திரை இருக்கிறது. திரையில் குஞ்சம்கூட இருக்கிறது. ஒரு புதன்கிழமை இறங்கும்போது மெடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உங்களில எனக்குக் கோவமில்லை."

இப்படித் தொடங்கினால் என்ன வரும் என்று தெரியும்.

"ஆனா இந்த மாரிக்கு என்ர தலையில ஒரு சொட்டு விழுந்தாலும் சரி. அடுத்த நாள் நான் அந்த வானில."

ஒரு சொட்டு. இரண்டு இல்லை.

மெடம் போனால் மற்ற இருவரும் போவார்கள். போகாவிட்டால் மெடத்துக்கு எதிரான ஆட்கள் என்று ஆகிவிடும். மூவரும் போனால் கார் முற்றத்தில் நிற்கும். எனக்குக் கடல்தான். கடலுக்குத் தோள் இல்லை.

அன்றே ஒரு கராச்சுக்குப் போனேன். அங்கிருந்தவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பானை வாங்குகிறவர் தட்டுவதுபோல.

"கண்ணாடியைக் கழட்டித்தான் செய்யோணும்."

"கழட்டினா?"

"உடைஞ்சாலும் உடையும். உடைஞ்சா நான் பொறுப்பில்லை."

"புதுக் கண்ணாடி?"

"இதுக்கோ? இலங்கையில இல்லை."

"அப்ப என்ன செய்யிறது?"

"காரை வித்துப்போட்டு வேற ஒண்டு எடுங்கோ," என்றார். ஒழுகலுக்கு மருந்து சொல்லிவிட்ட திருப்தியில் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

நானே செய்வது என்று வீட்டுக்கு வந்தேன். மனைவி போனில் ஒரு வீடியோ எடுத்துத் தந்தாள். ஒரு வெள்ளைக்காரர் இதே வேலையைச் செய்கிறார். பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து நிமிட வேலையாம்.

"இஞ்சருங்கோ, நிலத்தைப் பாருங்கோ. ஒரு எண்ணெய்ப் புள்ளி இல்லை," என்றாள் மனைவி. எங்கள் முற்றத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

அந்த மனிதரின் காரில் துரு இல்லை. காற்றில் உப்பு இல்லை. வழியால் போகிறவர்கள் நின்று கதை கேட்கவில்லை. அப்படியென்றால் எனக்கும் பத்து நிமிடம்தான்.

அடுத்த நாள் காலையில் காரில் விசயத்தைச் சொன்னேன். இறங்கியதும் கணக்கு சேர் நூல், அடிமட்டம், கொப்பி எல்லாவற்றோடும் வந்தார். நூலை றப்பர் வழியே சுற்றிப் பிடித்தார். பிறகு நூலை அடிமட்டத்தில் வைத்து அளந்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை செய்தார். ஏழாம் வகுப்பு முழுக்க யன்னலில் நின்றது. அவர்களுக்குப் பாடம் இல்லாத அரை மணித்தியாலம்.

"நாலு மீற்றரும் பத்துச் சென்ரிமீற்றரும் அண்ணை. மூலை வளைவும் சேத்துத்தான்."

நான் ஏற்கெனவே கையால் அளந்திருந்தேன். "இரண்டேகால் பாகத்துக்கு உள்ளதான் சேர்," என்றேன்.

"அது எத்தினை மீற்றர்?"

"அது பாகம்."

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். கடலில் கயிறும் பாகம், வலையும் பாகம், ஆழமும் பாகம்.

"ஆற்ற கை அண்ணை? உங்கட கையோ, என்ர கையோ?"

"கடலுக்குப் போற கை."

சேர் தன் கையைப் பார்த்தார். சோக்குத் தூள் இருந்தது. "நீங்க என்ர அளவுக்கே வாங்குங்கோ," என்றார்.

பின்னேரம் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். வாகனச் சாமான் விற்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவரின் கடை, நாங்கள் நானா என்போம். கூரையிலிருந்து றப்பர் சுருள்கள் தொங்கின.

"நானா, முன் கண்ணாடி பீடிங் இருக்கோ?"

"எந்தக் கார்?"

சொன்னேன். வெளியே வந்து காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இன்னும் ஓடுதா?"

"நான் தள்ளிக்கொண்டு வரேல்ல."

சிரித்துக்கொண்டு ஒரு சுருளை இறக்கினார். "இதான். எல்லாக் காருக்கும் போடலாம்."

"என்ர காருக்கு?"

"எல்லாக் காரிலயும் ஒங்கட காரும் இருக்குதானே அண்ணன்."

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. "நாலு மீற்றர் பத்து வெட்டுங்கோ."

"கடைசித் துண்டு இது. மிச்சமும் கொஞ்சம்தான் இரிக்கி. முழுசா எடுத்துட்டுப் போங்க. றப்பர் சுருங்கும்."

"கணக்கு சேர் அளந்தது நானா."

"அவர் றப்பர் விக்கிறவரா?"

"இல்லை."

"நான் விக்கிறவன்."

அதனால்தான் நம்பவில்லை. விற்கிறவர் யாரும் குறைய வாங்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வெட்டிச் சுற்றித் தந்தார். ஒரு குழாய் கறுப்புப் பசையும் தந்தார். "ஒண்டு சொல்றன் அண்ணன். வைக்கக்குள்ள இழுக்காதீங்க. தள்ளித் தள்ளி வைங்க. இழுத்தா அது நாளைக்கித் திரும்பி வரும்."

தலையாட்டினேன். கடைக்காரர் எது சொன்னாலும் தலையாட்டுவேன். அது மரியாதை. கேட்பது வேறு.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. பழைய றப்பரைக் கிளப்ப வலை பின்னுகிற ஊசியை எடுத்தேன். தட்டை, முனை மழுங்கல், பெயின்ரைக் கீறாது. வீடியோக்காரரிடம் இதற்கென்று நீல நிறத்தில் ஒரு கருவி இருந்தது. வலை ஊசிதான். நிறம் வேறு.

றப்பர் துண்டு துண்டாக வந்தது. அதன் கீழே இடுக்கு. இடுக்குக்குள் பழைய சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருவர் படகுத் தார் பூசியிருந்தார். ஒருவர் மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார். ஒருவர் சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிச் செருகியிருந்தார். நம்பிக்கை உள்ள ஒருவர் லொத்தர் சீட்டை மடித்து வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் மட்டை ஒன்று. விரித்துப் பார்த்தேன். சோதனைச் சாவடியால் போக சண்டைக் காலத்தில் தந்த பாஸ். பேர் அழிந்துவிட்டது. சீல் மட்டும் அழியவில்லை. அதை எடுத்து வெயிலில் காயவைத்தேன். ஏன் என்று தெரியாது. காற்றுக் கொண்டுபோய்விட்டது.

ஒருவரும் ஒழுகலை நிறுத்தவில்லை. அடுத்தவர் வாங்கும்வரை நிறுத்தினார்கள்.

வீதியால் போனவர்கள் நின்றார்கள்.

"கழட்டிப்போட்டீங்களோ?" என்றார் ஒருவர்.

"ஓம்."

"திரும்பப் பூட்ட ஏலாதே."

"ஓம்."

"பிறகு ஏன் கழட்டினீங்க?"

இதற்குப் பதில் சொன்னால் இன்னும் நிற்பார். சொல்லவில்லை. அப்படியும் நின்றார்.

இரண்டு மான் வந்தன. எங்கள் ஊரில் மான் வீதியில் திரியும். கடதாசி தின்னும், பொலித்தீன் தின்னும். பழைய றப்பரை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டன. அதை நம்பித்தான் மெடத்தை இவ்வளவு நாள் ஏற்றிப் போயிருக்கிறேன்.

துருவைச் சுரண்டினேன். மண்ணெண்ணெயால் துடைத்தேன். துரு பிடிக்காத பெயின்ரை அடித்துக் காயவிட்டேன். பசையை இடுக்கில் ஓடவிட்டேன். சவர்க்காரத் தண்ணீர் தொட்டு றப்பரை வைக்கத் தொடங்கினேன்.

எங்கே தொடங்குவது? இடது மேல் மூலையில். அங்கேதான் மெடம். முக்கியமான இடத்தில் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். அது முதல் பிழை.

இரண்டாவது பிழை என் கை. கடல்காரன் கையில் நீளமான சாமான் எதைத் தந்தாலும் இழுத்துக் கட்டுவான். வலையின் தலைக்கயிறு தொய்ந்தால் மீன் போய்விடும். தொய்ந்த கயிற்றுக்கு நான் பேச்சு வாங்கியிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். ஆகவே இழுத்தேன். வலது தோள் ஏலாது. இடது கையால் பிடித்து, ஒரு காலைப் பம்பரில் ஊன்றி இழுத்து, ஊசியால் அழுத்தினேன். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு தொய்வு இல்லை. தட்டினால் சத்தம் வரும்போல நின்றது. நானாவின் கதை நினைவுக்கு வந்தது. விற்கிறவர் கதை என்று விட்டுவிட்டேன்.

சுற்றி முடிந்தபோது நாலு விரல் மிஞ்சியது. வெட்டினேன். குசினி வாசலில் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். நான் ஆருக்கும் போன் எடுக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு எடுத்தேன்.

"சேர், உங்கட கணக்கில நாலு விரல் கூட."

"ஏலாதே அண்ணை. நான் ரெண்டு தரம் அளந்தனான்."

"றப்பர் மிஞ்சிப் போச்சு சேர்."

"மூலை வளைவைச் சரியா அமத்தினீங்களோ?"

"அமத்தினனான். மிஞ்சினதை வெட்டியும் போட்டன்."

அந்தப் பக்கம் கொப்பி புரட்டுகிற சத்தம் கேட்டது. பட்டதாரி ஒருவர் ஐந்தாம் வகுப்பிடம் தோற்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"சரி அண்ணை, எங்கயோ விட்டிட்டன் போல," என்றார் கடைசியில். குரல் சின்னதாகிவிட்டது.

"பரவாயில்லை சேர். பாகத்துக்குப் பழகினா வராது," என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஞாயிறு காலை முகம் கழுவிக்கொண்டு காரைப் பார்க்கப் போனேன். இடது மேல் மூலையில் றப்பர் இல்லை. இரண்டு முனையும் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன. இடையில் வெறும் இடுக்கு. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். நாலும் சரியாகப் பொருந்தின.

இழுத்தது திரும்பி வந்துவிட்டது. நானா சொன்ன மாதிரியே. சேர் அளந்த மாதிரியே. வந்து நின்ற இடம் மெடத்தின் தலைக்கு நேர் மேலே.

குசினிக்குப் போனேன்.

"நேற்று வெட்டின துண்டு எங்க?"

"எந்தத் துண்டு?"

"வாசல்ல போட்டனான்."

"ஓ, அதோ," என்றாள் மனைவி. மேசையைக் கையால் ஆட்டிக் காட்டினாள். மேசை ஆடவில்லை. "நாலா வெட்டி நாலு காலுக்கும் வைச்சிட்டன். ஆறு மாசமா நீங்க செய்யிறன் செய்யிறன் எண்ட வேலை."

குனிந்து பார்த்தேன். அழகாக வெட்டியிருந்தாள். நாலு துண்டையும் எடுத்துச் சேர்த்தால் ஐந்து பொருத்து வரும். ஐந்து பொருத்து என்றால் ஐந்து ஓட்டை. மேசையும் ஆடும். விட்டுவிட்டேன்.

கடைக்குப் போன் எடுத்தேன். "நானா, அந்த மிச்சத் துண்டு?"

"அது போயிட்டே அண்ணன். நேத்து ஒரு திரீவீலுக்கு." பிறகு கேட்டார். "இழுத்தீங்களா?"

"வேற எப்ப வரும்?"

"கொழும்பில இருந்து வரணும். எப்ப எண்டு சொல்ல ஏலாது. இழுத்தீங்கதானே?"

போனை வைத்தேன்.

வானம் கிழக்கே கறுத்திருந்தது. பசை இன்னும் முழுதாக இறுகவில்லை. அதுதான் ஒரே நல்ல செய்தி. றப்பரைக் கழற்றித் திரும்ப வைக்கலாம். ஆனால் இருக்கிற றப்பர் இவ்வளவுதான். நாலு விரல் எங்கேயாவது குறையத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

கீழே விட்டால் தண்ணீர் வயருக்குள் போகும். கார் யானைக்கு முன்னால் நின்றுவிடும். மேலே நடுவில் விட்டால் மெடத்துக்கும் எனக்கும் பொதுவாக விழும். மெடத்தோடு எதையும் பொதுவாக வைக்க ஏலாது. இடது பக்கம் மெடம். வலது பக்கம் நான்.

யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

முழுதையும் கழற்றினேன். இந்த முறை வலது மூலையில் தொடங்கினேன். இழுக்கவில்லை. தள்ளித் தள்ளி வைத்தேன். கை இழு இழு என்றது. கேட்கவில்லை. மெடத்தின் மூலையில் இன்னும் கவனமாகத் தள்ளி நெருக்கிவிட்டேன். கடைசியில் என் தலைக்கு மேலே வெறும் இடுக்கு நின்றது. குழாயின் அடியை மிதித்துப் பிதுக்கி மிஞ்சிய பசையை அதில் அப்பினேன். அது நிற்காது என்று தெரியும். இடுக்குக்குள் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

மனைவி வந்து பார்த்தாள். "இது உங்கட பக்கமெல்லோ?"

"ஓம்."

"அப்ப உங்களுக்கு ஒழுகும்."

"இருபத்தைஞ்சு வருசம் நனைஞ்சனான்."

"அது கடல். இது கார்," என்றாள். பிறகு, "உங்கட கறுப்புக் காற்சட்டையைத் தோய்ச்சுப் போடுறன்," என்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கறுப்பில் ஈரம் தெரியாது.

திங்கட்கிழமை மழை இல்லை. மெடம் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். செவ்வாயும் இல்லை. சேர் புது றப்பரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சங்கீத ரீச்சருக்கு மட்டும் கவலை.

"அண்ணை, விசில் எங்க?"

"நிண்டுட்டுது ரீச்சர்."

"ஐயோ. இனி நான் தம்பலகாமம்வரைக்கும் என்னத்தைக் கேக்கிறது?"

"நாங்க கதைக்கிறதைக் கேளுங்கோ," என்றார் மெடம்.

ரீச்சர் பெருமூச்சு விட்டார்.

புதன்கிழமை சீனக்குடா தாண்டியதும் பிடித்தது மழை. சும்மா மழை இல்லை. வைப்பர் போட்டும் வீதி தெரியவில்லை.  மூவரும் இடது மேல் மூலையைப் பார்த்தார்கள். மெடம் பையை விரித்தார். தலையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் வீதியைப் பார்த்தேன். எனக்கும் மூலையைப் பார்க்க ஆசைதான்.

ஒரு கட்டை தூரம் போனோம். இரண்டு கட்டை போனோம். மெடம் கையை நீட்டி மூலையைத் தொட்டார். விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். உலர்ந்த விரல்.

"இல்லை," என்றார். ஏமாற்றம் போலவும் இருந்தது.

அந்த நேரம் என் வலது முழங்காலில் முதல் சொட்டு விழுந்தது. பசையின் ஒரு ஓரம் கிளம்பி, தண்ணீர் தகட்டு ஓரத்தால் வழிந்து இறங்கியது. இரண்டாவது சொட்டு. மூன்றாவது. அதற்குமேல் எண்ணவில்லை. காலை அசைக்கவில்லை. துடைக்கவில்லை. துடைத்தால் பார்ப்பார்கள். தண்ணீர் முழங்காலால் இறங்கிச் சப்பாத்துக்குள் போனது. நல்ல குளிர். அந்த வானில் இருக்கும் குளிர் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்ல வேலை தம்பி. ஆரிட்டச் செய்விச்சனீங்க?"

"நான்தான் மெடம்."

"சும்மா சொல்லாதேங்கோ."

"நான்தான்."

மெடம் பையை மடித்தார்.  "இதைப் பிள்ளையளுக்குச் சொல்லோணும்," என்றார்.

சொல்லியும்விட்டார். மழை விட்ட நேரத்தில் காலைக் கூட்டம். ஒலிபெருக்கி கேற்றுவரை கேட்டது. ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த ஒருவர், யாருடைய உதவியும் இல்லாமல், தன் சொந்த முயற்சியால், ஒரு சொட்டு நீரும் உள்ளே வராதபடி தன் வாகனத்தைத் திருத்திய வரலாறு. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் காருக்குப் பின்னால் நின்று சப்பாத்தைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தால் கணக்கு சேர் நின்றார். கொப்பியை மறந்துவிட்டாராம், எடுக்க வந்தாராம். சப்பாத்தைப் பார்த்தார். ஓட்டுநர் சீட்டைத் தடவிப் பார்த்தார். வலது மூலையைப் பார்த்தார்.

"எவ்வளவு குறையுது அண்ணை?"

"நாலு விரல்."

ஒலிபெருக்கியில் மெடம் விடாமுயற்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப மிஞ்சினது?"

"இழுத்ததால மிஞ்சினது."

சேர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது. சனிக்கிழமை இரவு முழுக்க இருந்து கணக்கைத் திரும்பப் பார்த்தாராம். மூன்று தரம் பார்த்தாராம். பிழையைக் காணவில்லையாம். ஞாயிறு பின்னேர வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது கை நின்றுவிட்டதாம்.

"நான் மெடத்திட்ட ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா நீங்க ஒண்டு சொல்லோணும்."

"என்ன சேர்?"

"உங்களுக்குத் தெரியும்."

தெரியும். சப்பாத்தை இன்னொருமுறை கவிழ்த்துப் பார்த்தேன். கடலில் புயலில் மாட்டியிருக்கிறேன். அது இதைவிடச் சுகம்.

"உங்கட கணக்குச் சரி சேர்."

"பாகம்?"

"பாகம் பிழை."

தலையாட்டினார். கொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பத்து அடி போய்த் திரும்பி வந்தார். "மூலை வளைவும்?"

"அதுவும் சரி சேர். போங்கோ, கூட்டம் முடியப்போகுது."

அன்றிலிருந்து மெடம் பை கொண்டுவருவதில்லை. அந்தப் புடவைக்கடைப் பை கதவுக்குள் செருகிக் கிடந்தது. மழை நாட்களில் அதை எடுத்து என் முழங்காலில் விரித்துக்கொண்டேன். நானாவிடம் இன்னும் றப்பர் வரவில்லை. போன் எடுத்தால், "இழுத்தீங்கதானே?" என்றுதான் தொடங்குகிறார்.

ஒருநாள் மெடம் பையைக் கண்டுவிட்டார்.

"தம்பி, அது என்ன முழங்காலில? என்ர பை மாதிரிக் கிடக்கு?"

நான் கியரை மாற்றினேன். பின்னால் இருந்து சேர் சொன்னார்.

"அண்ணைக்கு வாதம் மெடம். முழங்காலில குளிர் படக் கூடாதாம்."

"அப்பிடியோ? எனக்கும் அதுதானே," என்றார் மெடம். சேலைத் தலைப்பை முழங்காலில் இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நல்லவேளை, அந்தக் குளிர் வானுக்கு நான் போகேல்ல."

"ஓம் மெடம்," என்றேன்.

பையில் தண்ணீர் தேங்கியிருந்தது. வளைவு வரும்போது மெல்லத் திருப்பினேன்.